அளக்கப்படுபவர்களும் அளக்கக் கற்க வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு உத்தியோகத்தர்' என்னும் பதவிக்கான விளம்பரங்கள் அடிக்கடி வெளிவருகின்றன. அத்துறையைச் சில வாரங்களில் கற்றுத் தருவதாகச் சொல்லும் பயிற்சிநெறிகளின் அறிவித்தல்களையும் அவற்றுக்கு அருகிலேயே காண்கிறேன். பட்டம் பெற்றும் நிரந்தர வேலை கிடைக்காமல் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர், குறிப்பாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெண்பிள்ளைகள், இத்துறையில் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சிக்குரியது. போருக்குப் பின் மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக் கிராமங்களில் வாழ்வாதாரத் திட்டங்களோடும் உரிமை சார்ந்த வேலைத்திட்டங்களோடும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இந்தக் கல்வி இங்கே எப்படி, யாருக்குக் கற்பிக்கப்படுகிறது என்பது குறித்துச் சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். திட்டங்களை அளக்கும் கலையை அலுவலகத்தில் இருந்து அறிக்கை எழுதுபவர்கள் மட்டும் கற்றால் போதாது. யாருடைய வாழ்வு அளக்கப்படுகிறதோ அவர்களும் அதைத் தங்கள் சொந்த மொழியில் கற்க வேண்டும்.

துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு திட்டம் நடந்துகொண்டிருக்கையில், செய்வதாகச் சொன்னவை சொன்னபடி நடக்கின்றனவா என்று தொடர்ந்து பார்ப்பது கண்காணிப்பு. இடையிலோ முடிவிலோ நின்று, அதனால் யாருடைய வாழ்வில் என்ன மாறியது, அந்த மாற்றத்துக்கு இத்திட்டம்தான் காரணமா, திட்டம் போன பின்பும் அது நிலைக்குமா என்று கேட்பது மதிப்பீடு. ஒரு திட்டத்தின் நோக்கங்களையும் செயல்களையும் அவற்றை அளக்கும் அளவைகளையும் ஒன்றாகக் காட்டுவதும், களப் பணியாளர்கள் 'லொக்பிரேம்' என்று அழைப்பதுமான தர்க்கச் சட்டக அட்டவணை 1969 இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எயிட்டுக்காக உருவாக்கப்பட்டது. பொருத்தப்பாடு, வினைத்திறன் (வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தல்), விளைதிறன் (நோக்கத்தை அடைதல்), தாக்கம், நிலைபேறு ஆகிய ஐந்து அளவுகோல்களைப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் அபிவிருத்தி உதவிக் குழு 1991 இல் வகுத்தது. 2019 இல் ஒத்திசைவு (பிற முயற்சிகளோடு பொருந்துதல்) என்ற ஆறாவது அளவுகோலும் சேர்க்கப்பட்டது. உதவி வழங்கும் நாடுகள் தங்கள் வரி செலுத்துவோருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்த தேவையே இக்கருவிகள் வளர்வதற்குப் பெருங்காரணமாயிற்று. அந்தக் கடமை நியாயமானது. ஆயினும், எந்த மக்களின் பெயரைச் சொல்லிப் பணம் பெறப்பட்டதோ அந்த மக்களுக்கும் கணக்குக் காட்டும் கடமை ஒன்று இருக்கிறது. நான் அறிந்த பயிற்சிகளில் நேரத்தின் பெரும்பகுதி முதலாவது கடமைக்கே செலவிடப்பட்டது. இரண்டாவதற்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை.

எளிதில் எண்ணக்கூடியவற்றையே அளந்துவிட்டு அமைதி கொள்ளும் பழக்கம் இங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வீடமைப்பை எடுத்துக்கொள்வோம். இந்திய அரசின் உதவியோடு நடைபெற்ற 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகள், உரிமையாளரே தன் வீட்டைக் கட்டும் முறையில், வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக அவரது வங்கிக் கணக்குக்கு வழங்கப்பட்டுக் கட்டப்பட்டன. ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் முறையைவிட இது மிக நல்ல முறை என்பதே என் உறுதியான எண்ணம். மக்கள் தங்கள் வீட்டின் அளவையும் வாசலின் திசையையும் தாங்களே தீர்மானித்தார்கள். ஆனால் சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அத்திவாரத்துக்கும் சுவருக்கும் போதுமாக இருந்த பணம் கூரைக்கு வரும்போது போதாமற் போன குடும்பங்கள் பல. நகையை அடகு வைத்துக் கூரை போட்டவர்களும், எஞ்சிய சேமிப்பே போதுமாக இருந்தவர்களும் அறிக்கையில் 'வீடு பூர்த்தியானது' என்ற ஒரே நிரலில்தான் வருவார்கள். மதிப்பீட்டைக் கற்ற ஒரு கிராமத்தவர் இந்த நிரலைப் பார்த்தால், ஒரு வருடத்தின் பின் அந்த வீட்டில் யார் வசிக்கிறார்கள், அதை முடிக்க வாங்கிய கடன் எவ்வளவு, கணவன் காணாமலாக்கப்பட்ட நிலையில் மரணச் சான்றிதழ் பெற மனம் இசையாத பெண்ணுக்குக் காணி ஆவணத்தில் பெயர் கிடைத்ததா என்று கேட்பார். இவற்றைக் கேட்க வெளிநாட்டு நிபுணத்துவம் தேவையில்லை. கேட்பதற்கு உரிமை உண்டு என்ற அறிவும், கேட்டதைப் பதிவுசெய்யும் ஒழுங்கும் தேவை.

வீட்டைவிடக் கடுமையான பாடத்தை நுண்கடன் கற்றுத் தந்தது. போருக்குப் பின் வன்னிக்கு வந்த கடன் திட்டங்களின் வெற்றிக்கு ஒரே சான்றாகத் திருப்பிச் செலுத்தும் வீதம் முன்வைக்கப்பட்டது. குழுவாக இணைந்த பெண்கள் வாரந்தோறும் தவறாமல் தவணை கட்டினார்கள், ஆகவே திட்டம் வெற்றி என்று கணக்கு முடிந்தது. முதல் நிறுவனத்தின் தவணையைக் கட்ட இரண்டாம் நிறுவனத்தில் கடன் பெற்றதும், அதைக் கட்ட மூன்றாவது இடத்தில் கையேந்தியதும் எந்த ஒரு நிறுவனத்தின் பதிவேட்டிலும் தெரிய வாய்ப்பில்லை. ஒவ்வொரு பதிவேடும் தன்னளவில் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு எல்லாமே தெரிந்திருந்தது. யார் யாரிடம் எவ்வளவு பெற்றார்கள், தவணைக்காரர் வரும் நாளில் யார் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் போய் இருந்தார்கள், எந்தப் பிள்ளை அந்த வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆபத்தின் அறிகுறி ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். 2018 ஆம் ஆண்டு அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்ததும், அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் மற்றும் மனித உரிமைகள் பற்றிய சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி நுண்கடனால் பெண்கள் படும் துன்பத்தை எடுத்துரைத்ததும், பாதிப்பு முற்றிய பின் நடந்தவை. தவறான குறிகாட்டி ஒன்று, அதாவது வெற்றியை அளக்கத் தவறாகத் தெரிவுசெய்த அளவை ஒன்று, உண்மையை மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. தவணை வீதத்தை உயர்வாக வைத்திருக்க வேண்டும் என்ற நெருக்குதலைக் களப் பணியாளர் மீதும், அவர் வழியாக அந்தப் பெண்கள் மீதும் ஏற்றியது அந்தக் குறிகாட்டியே.

பருவத்தைக் கவனியாமல் செய்யப்படும் கணக்கெடுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியில் காலபோக நெல் ஐப்பசியில் விதைக்கப்பட்டு மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. ஒரு வாழ்வாதாரத் திட்டத்தின் தொடக்கநிலைக் கணக்கெடுப்பு கார்த்திகையில், கையில் இருந்ததெல்லாம் வயலுக்குள் போன வேளையில், நடத்தப்பட்டு, இறுதிக் கணக்கெடுப்பு அறுவடை முடிந்த பங்குனியில் நடத்தப்பட்டால், அத்திட்டம் எதையுமே செய்யாவிட்டாலும் வருமானம் உயர்ந்ததாகவே காட்டும். மாறாக, கோழியும் ஆடும் நன்றாகப் பெருகிய ஒரு நல்ல திட்டம், இறுதிக் கணக்கெடுப்பு மாரியில் அமைந்துவிட்டால் தோல்வியாகத் தெரியும். ரூபாக் கணக்கும் அப்படித்தான். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. இக்காலத்தின் குறுக்கே சென்ற எந்தத் திட்டமாயினும், பயனாளியின் வருமானம் ரூபாவில் இரட்டித்தது என்று எழுதுவதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. அந்த வருமானத்தில் எத்தனை கிலோ அரிசி வாங்க முடிந்தது, நாளுக்கு எத்தனை வேளை அடுப்பு மூட்டப்பட்டது, பால் விற்ற பணம் வீட்டில் யார் கையில் இருந்தது என்று கேட்டால் உண்மைக்கு அருகில் செல்லலாம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். அவர்களுடைய தாய்மாரே இதை அறிவார்கள்.

எங்கே போய்க் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடுகிறது. தார் வீதியோரம் உள்ள கிராமங்களையும், மழையில்லாத மாதங்களையும், பேசத் தெரிந்த ஆண்களையும், சங்கத் தலைவர்களையுமே வெளியிலிருந்து வருபவர்கள் காண்கிறார்கள் என்று பிரித்தானிய அறிஞர் ரொபர்ட் சேம்பர்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். ஏ-9 வீதியிலிருந்து இறங்கி ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, பூநகரிப் பக்கங்களின் உட்கிராமங்களுக்கு மாரிகாலத்தில் போய் வந்தவர்கள் இக்கூற்றின் பொருளை உணர்வார்கள். குளம் வான்பாய்ந்து பாதை அறுந்திருக்கும் மாதங்களில் கர்ப்பிணித் தாய் எப்படி வைத்தியசாலைக்குப் போகிறாள் என்பதை ஆவணி மாதத்தில் வரும் மதிப்பீட்டாளர் காண மாட்டார். அவர் காணாததற்காக அவரைக் குறைசொல்வதில் பயனில்லை. கிராமத்தில் இருப்பவரே மாதாமாதம் பதிந்து வைத்திருந்தால் அந்தக் குறை எழாது.

மனித உரிமை வேலைத்திட்டங்களுக்கு வரும்போது எண்ணிக்கையின் போதாமை இன்னும் வெளிப்படையாகிறது. பயிற்சிப் பட்டறைகள் எத்தனை, பங்குபற்றியோர் எத்தனை, அவர்களுள் பெண்கள் எத்தனை சதவீதம் என்பவற்றைக் கையொப்பத் தாளிலிருந்து எடுத்து எழுதிவிடலாம். பயிற்சி முடிந்த அன்றே வினாத்தாள் கொடுத்து உரிமை பற்றிய விழிப்புணர்வு எவ்வளவு கூடியது என்று அளப்பது, விதைத்த அன்றே விளைச்சலைக் கேட்பதற்கு ஒப்பானது. உரிமை சார்ந்த மாற்றங்கள் மெதுவாக, பல கைகள் சேர்ந்து, சிலவேளை பின்னோக்கியும் சென்று நிகழ்பவை. அவற்றின் இலக்கங்களை வாசிக்கும் முறையும் வேறு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் வேலை நடந்த பின் பெண்களின் முறைப்பாடுகள் கூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே வன்முறை கூடிவிட்டதா, அல்லது முன்பு வாய்மூடி இருந்தவர்கள் இப்போது பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை நம்பி வருகிறார்களா? இலக்கம் ஒன்றுதான், பொருள் நேரெதிரானது. முறைப்பாடு செய்தவர்களோடு பாதுகாப்பான முறையில் பேசி, அவர்கள் ஏன் இப்போது வந்தார்கள் என்று அறியாமல் அந்த இலக்கத்தை வரைபடமாக்கி ஒட்டுவதால் தீங்கே விளையும். முறைப்பாடு குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தால், முறைப்பாட்டை எழுத மறுப்பதே அந்த இலக்கை அடையும் மிக எளிய வழியாகிவிடும்.

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2012 இல் வெளியிட்ட வழிகாட்டியில் உரிமைகளை அளக்க மூன்று வகைக் குறிகாட்டிகள் கூறப்படுகின்றன: கட்டமைப்புக் குறிகாட்டி, செயன்முறைக் குறிகாட்டி, பெறுபேற்றுக் குறிகாட்டி. எங்கள் மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் கொண்டு இதை விளக்கலாம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. சட்டம் இருக்கிறதா என்பது கட்டமைப்பு. அதற்கான விடை 'ஆம்'. தமிழில் எழுதப் பேசத் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள், அவர்களுள் இரவுக் கடமையில் இருப்பவர் எத்தனை பேர், மொழிப் பயிற்சிக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்பவை செயன்முறை. முறைப்பாட்டுக்கு வந்த ஒரு தாய் சொன்னது தமிழிலேயே எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, அவர் விளங்கிக்கொண்ட பின்பே கையொப்பம் இட்டாரா என்பது பெறுபேறு. முதலாவதை மட்டும் பார்ப்பவர் இலங்கையில் மொழியுரிமை உறுதிசெய்யப்பட்டுள்ளது என்று எழுதுவார். மூன்றாவதையும் பார்ப்பவர் எழுதுவது வேறாக இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியும் பயிற்சியை ஒரு நாள் முழுவதும் தமிழில், கிராம மட்டச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் கொடுத்தால், அடுத்த மாதமே தங்கள் பிரிவின் நிலையை அவர்களால் எழுதித் தர முடியும். அத்தகைய திறமை அவர்களிடம் இருப்பதை நான் என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

இங்கே பயம் பற்றியும் பேசியாக வேண்டும். வன்னியில் உரிமை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்பவர், மறுநாள் வேறொருவர் வந்து 'நேற்று யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள்' என்று விசாரிக்கக்கூடும் என்பதை அறிந்தே பதில் சொல்கிறார். ஆகவே பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கும் வினாக்கொத்து இந்த மண்ணுக்கு ஏற்றதல்ல. கைத்தொலைபேசியில் தரவு சேகரிக்கும் செயலிகள் வந்த பின் வீட்டின் அமைவிடமும் புகைப்படமும் கூடவே பதிவாகின்றன. அவை எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கப்படும் என்பது கேட்கும் பிள்ளைக்கும் தெரிவதில்லை, பதில் சொல்லும் தாய்க்கும் தெரிவதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நாட்டில், அதன் அடிப்படைகளைக் கற்பிக்காத கண்காணிப்புப் பயிற்சி முழுமையானதல்ல. ஒப்புதல் என்பது தாளின் அடியில் இடப்படும் கையொப்பத்தோடு முடிவதில்லை. மறுத்தாலும் கோழிக்கூடும் வீட்டுத் திட்டமும் கிடைப்பதற்குத் தடை வராது என்று அவர் உண்மையாக நம்பும்படி சொல்லப்பட்டதா என்பதே ஒப்புதலின் அளவு.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களை நினைத்தால் இது இன்னும் கனக்கிறது. 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2016 இல் மக்களின் கருத்தறிந்த கலந்தாலோசனைச் செயலணி, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாகி 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அத்தனை இடங்களிலும் அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளையின் பெயரையும், கடைசியாகக் கண்ட இடத்தையும், அன்று அவன் உடுத்திருந்த உடையையும் சொன்னார்கள். இவற்றுக்கு இடையில் அரச சார்பற்ற நிறுவனங்களின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்களுக்கு இன்னொரு வினாக்கொத்து தேவையில்லை. ஏற்கெனவே அவர்கள் கொடுத்த தகவலுக்கு என்ன நடந்தது என்ற பதிலே தேவை. மதிப்பீட்டைக் கற்கும் ஒவ்வொருவரும் கேள்வி தயாரிக்கும் முன், இதே கேள்விக்கு இதே மனிதர் முன்பு பதில் சொல்லியிருக்கிறாரா, அந்தப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். துயரத்தை மறுபடி சொல்லவைப்பதும் ஒரு பாதிப்பே. அதற்குரிய நியாயம் இல்லாமல் அதைச் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

ஒரு மாற்றத்துக்கு உரிமை கோருவதிலும் நேர்மை வேண்டும். 2017 இன் தொடக்கத்தில் முல்லைத்தீவு மாவட்டத்தில் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படை வசமிருந்த தங்கள் காணியைக் கேட்டு, குழந்தைகளோடும் முதியவர்களோடும் விமானப்படை முகாமின் முன்னால் இரவும் பகலும் ஏறத்தாழ ஒரு மாதம் அமர்ந்திருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி அவர்களின் காணி விடுவிக்கப்பட்டது. காணியுரிமை பற்றிய திட்டங்கள் எவையேனும் அக்காலத்தில் அப்பகுதியில் நடந்திருந்தால், அந்த விடுவிப்பைத் தங்கள் பெறுபேறாக எழுதிக்கொள்ளும் ஆவல் அவற்றுக்கு எழுவது இயல்பு. ஆயினும் சரியான கேள்வி, இந்த மாற்றத்தில் யார் யாருடைய பங்கு எவ்வளவு, எங்கள் திட்டம் இல்லாதிருந்தால் என்ன வேறுபட்டிருக்கும் என்பதாகும். சட்ட ஆலோசனையோ ஊடகத் தொடர்போ உதவியிருக்கலாம். அதை அளவோடு சொல்வது திட்டத்துக்குக் குறைவல்ல. குளிரில் அமர்ந்திருந்த மக்களின் செயலை ஒரு நிறுவனத்தின் அட்டவணைக்குள் அடக்கிவிடுவதுதான் குறைவு.

பொருத்தமான முறைகள் இல்லாமல் இல்லை. வங்காளதேசத்தின் கிராமங்களில் 1990 களின் நடுப்பகுதியில் ரிக் டேவிஸ் உருவாக்கிய 'மிக முக்கியமான மாற்றம்' என்னும் முறை எங்கள் சூழலுக்கு மிகவும் உகந்தது என்பது என் அனுபவம். குறிகாட்டி எதையும் முன்கூட்டியே திணிக்காமல், கடந்த சில மாதங்களில் உங்கள் வாழ்வில் நிகழ்ந்த மாற்றங்களுள் எது மிக முக்கியமானது, ஏன் முக்கியமானது என்று பங்குபற்றியவரிடமே அம்முறை கேட்கிறது. திரட்டிய கதைகளைக் கிராமக் குழுவொன்று வாசித்து, விவாதித்து, ஒன்றைத் தெரிவுசெய்து, தெரிவுக்கான காரணத்தையும் எழுதுகிறது. காரணம் கதை சொன்னவர்களுக்குத் திருப்பி அறிவிக்கப்படுகிறது. கொடுத்த தையல் இயந்திரம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு வருமானம் தந்தது என்று திட்டம் கேட்டுக்கொண்டிருக்க, அவரோ, சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கிராம அலுவலரிடம் கேள்வி கேட்டதையே தன் வாழ்வின் பெரிய மாற்றமாகச் சொல்லக்கூடும். அட்டவணையில் அதற்கு இடமே இருந்திருக்காது. கதை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கதைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆபத்தும் இம்முறையில் உண்டு. எண்ணிக்கையும் கதையும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, மதிப்பீட்டின் முடிவு கிராமத்துக்குத் திரும்பி வர வேண்டும். வன்னியைப் பற்றி எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாடுகளுக்கும் போனவை. பதில் சொன்னவர்கள் அவற்றைக் கண்டதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது இலங்கையிலும் திட்டங்கள் நடுவழியில் நின்றன. உத்தியோகத்தர்கள் வேலையிழந்து, அலுவலகம் மூடப்பட்டு, கணினிகள் எடுத்துச் செல்லப்படும் ஒரு கிராமத்தில், ஆண்டுக்கணக்காகத் திரட்டப்பட்ட தகவலில் ஒரு தாளாவது அந்த மக்களின் கையில் எஞ்சுகிறதா என்று பாருங்கள். கொடையாளர் போன பின்பும் கிராமம் இருக்கிறது, அதன் பிரச்சினைகளும் இருக்கின்றன. அறிவும் அங்கேயே தங்க வேண்டுமானால் அது அங்கேயே, அங்குள்ளவர் மொழியில், உருவாக வேண்டும்.

இதற்குத் தடையாகச் சட்டம் இல்லை, துணையாகவே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும். அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசாங்கங்களிடமிருந்தோ சர்வதேச அமைப்புகளிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அச்சட்டத்துக்கு உட்பட்டவை. மேலும் அதன் 9 ஆம் பிரிவு, வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட கருத்திட்டங்களைப் பற்றி, தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கும் கடமையை உரிய அமைச்சர் மீது சுமத்துகிறது. இப்பிரிவைத் தெரிந்த கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ கடற்றொழிலாளர் சங்கமோ தன் பகுதிக்கு வரும் வீதியையும் குளப் புனரமைப்பையும் இறங்குதுறையையும் தொடக்கத்திலிருந்தே கண்காணிக்க முடியும். கண்காணிப்புப் பயிற்சிகளில் இச்சட்டத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கப்படுவதைக் காண நான் ஆவலாக இருக்கிறேன்.

2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பீடங்களைக் கொண்டுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இத்துறையில் தமிழ்மொழி மூலமான ஒரு சான்றிதழ்ப் பயிற்சிநெறியை நடத்த முன்வந்தால், அது வன்னிக்குப் பெரும் பயனாகும். அதன் அனுமதிக்கு க.பொ.த. உயர்தரச் சித்தியை நிபந்தனையாக்க வேண்டாம். முன்பள்ளி ஆசிரியையும், சங்கக் கணக்கு எழுதுபவரும், கூட்டுறவுச் சங்க ஊழியரும் சேரக்கூடியதாக இருக்கட்டும். பாடத்தில் பாதி வகுப்பறையிலும் பாதி கிராமத்திலும் நடக்கட்டும். இறுதித் தேர்வாக, ஒவ்வொருவரும் தன் கிராமத்தில் நிறைவுற்ற ஒரு திட்டத்தை மதிப்பிட்டு, அதன் முடிவைப் பொதுநோக்கு மண்டபத்தில் மக்கள் முன் வாசித்து, எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். அந்தக் கேள்விகளையும் சேர்த்தே புள்ளி வழங்கலாம். நிறுவனங்களைப் பொறுத்தவரை, மதிப்பீட்டுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பகுதியைத் தமிழ்ச் சுருக்கத்துக்கும் அதை மக்கள் முன் வாசிக்கும் கூட்டத்துக்கும் என்று முன்மொழிவு எழுதும்போதே தனியாகக் குறித்துவிட வேண்டும். குறித்து வைக்காத பணம் கடைசியில் மிஞ்சுவதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வெளியாகும் அதே நாளில், மாதம் ஒருமுறையேனும் அரைப் பக்கம் ஒதுக்கி, வடக்கில் நிறைவுற்ற திட்டமொன்றின் மதிப்பீட்டு அறிக்கையை எளிய தமிழில் சுருக்கி வெளியிடுமாறும், அத்திட்டம் நடந்த ஊர் மக்கள் அதற்கு எழுதும் பதிலை அடுத்த மாதம் அதே இடத்தில் வெளியிடுமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதலாவதாக, கிளிநொச்சி மாவட்டத்தின் வாழ்வாதாரத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், சுருக்கி எழுதும் பணியில் என்னாலான உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அபிவிருத்தித் திட்டப் பணியாளர்,
கிளிநொச்சி.